ஒரே பெயரில் இரண்டு இசை: ரிச்செர்கார் பிறந்ததும் ஃபியூக் ஆனதும்

பழைய ஐரோப்பிய இசையை இணையத்தில் தேடிக் கேட்பவர்களைத் தவறாமல் குழப்பும் பெயர் ஒன்று உண்டு: ரிச்செர்கார். ஒரு பதிவில் லூட் என்ற நரம்புக் கருவியை ஒருவர் மீட்டுகிறார். சில ஓட்டங்கள், நடுவே இரண்டு மூன்று சுரக்கொத்துகள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), மறுபடியும் ஓட்டம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. திட்டம் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. அடுத்த பதிவில் யோஹான் செபாஸ்டியன் பாக். ஆறு தனித்தனி இசைக்கோடுகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒரு சுரம்கூடக் காரணமில்லாமல் வருவதில்லை. இரண்டுக்கும் தலைப்பு ரிச்செர்கார்தான். முதலாவது 1507-இல் அச்சானது, இரண்டாவது 1747-இல்.

240 ஆண்டுகளில் ஒரு வடிவம் மெல்ல மெல்ல மாறியிருக்கும் என்று நினைப்பது இயல்பு. நடந்தது அதுவல்ல. தளர்வான வகையும் கண்டிப்பான வகையும் நெடுங்காலம் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தன. சில சமயம் ஒரே ஊரில், ஒரே வீட்டில்கூட. இரண்டையும் பிணைப்பது ஒரு கேள்விதான்: பாட்டிலிருந்து சொற்களை எடுத்துவிட்டால் இசை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதற்கு வந்த இரண்டு பதில்கள்தான் இரண்டு ரிச்செர்கார்கள்.

முதலில் சில சொற்கள்

1. குரல். பாடுபவரின் தொண்டையை மட்டும் இது குறிப்பதில்லை. மேற்கத்திய இசையில் தனித்து ஓடும் ஒவ்வொரு இசைக்கோடும் ஒரு குரல். ஆர்கன் வாசிப்பவர் பத்து விரல்களால் நான்கு குரல்களை ஓட்டலாம்.

2. பல்குரல் இசை. இரண்டோ அதற்கு மேற்பட்டோ குரல்கள் சம உரிமையோடு ஒரே நேரத்தில் ஓடும் இசை. ஒன்று பாட்டு, மற்றவை பக்கவாத்தியம் என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. இப்படிக் குரல்களைப் பின்னும் கலைக்குத்தான் கவுண்டர்பாயின்ட் என்று பெயர். இளையராஜாவின் இசையைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் அதே சொல்.

3. தீம், பின்பற்றல். ஒரு குரல் சிறிய சுரத்தொடர் ஒன்றைத் தொடங்கிவைக்கும். அது தீம். சற்று இடைவெளி விட்டு இன்னொரு குரல் அதையே வேறு உயரத்தில் எடுத்துக்கொள்ளும். அப்புறம் மூன்றாவது, நான்காவது. இதைப் பின்பற்றல் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதிகம் வரப்போகும் சொல் இதுதான்.

4. மோட். மேஜர், மைனர் என்ற இரண்டு ஸ்கேல்கள் நிலைபெறுவதற்கு முன் திருச்சபை இசை எட்டு மோட்களில் இயங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுச் சுரம், குரல் உலவுவதற்கான எல்லை, பழகிப்போன சில நகர்வுகள் உண்டு. அதை ராகம் என்று சொல்லிவிட முடியாது. வெறும் ஸ்கேல் என்றும் தள்ளிவிட முடியாது.

1500 வாக்கில் கருவிகளின் நிலை

அன்றைய ஐரோப்பாவில் கௌரவமான இசை என்றால் பாட்டுதான். கோயிலில் மாஸ் (திருப்பலி வழிபாட்டு இசை), மோட்டெட் (லத்தீன் வாசகத்தைப் பல குரல்களில் பாடுவது). அரண்மனையில் காதல் பாடல்கள். கருவி வாசித்தவர்கள் பாட்டோடு சேர்ந்து வாசித்தார்கள், நடனத்துக்கு வாசித்தார்கள், மற்றபடி மனோதர்மத்தில் வாசித்தார்கள். அவர்கள் வாசித்ததில் எழுதிவைக்கப்பட்டது கொஞ்சம்தான். விதிவிலக்குகள் உண்டு. ஜெர்மானியத் துறவி ஆடம் இலெபோர்க் 1448-இல் தொகுத்த ஆர்கன் ஏட்டில், எந்தப் பாட்டையும் சாராத குட்டி முன்னிசைகள் இருக்கின்றன.

அப்புறம் இத்தாலியில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

முதலாவது கைப்பழக்கம். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூட் வாசிப்பவர்கள் இறகுத்தண்டால் மீட்டுவதை விட்டு விரல்களால் மீட்டத் தொடங்கினார்கள். தண்டு ஓர் இசைக்கோட்டைத்தான் வேகமாக ஓட்டும். விரல்கள் வந்ததும் ஒரே ஆள் இரண்டு மூன்று குரல்களைப் பிடிக்க முடிந்தது.

இரண்டாவது டாப்லேச்சர் என்ற இசை எழுத்து முறை. இது எந்தச் சுரம் என்று சொல்லாது. எந்த நரம்பில், எந்தக் கட்டில் (ஃபிரெட்டில்) விரல் வைப்பது என்று சொல்லும். இத்தாலிய முறையில் ஆறு கோடுகள் லூட்டின் ஆறு நரம்பு வரிசைகளைக் காட்டும், எண்கள் கட்டுகளைக் காட்டும், மேலே கால அளவுக் குறிகள் வரும். சுரலிபி படிக்கத் தெரியாதவரும் இதைப் பார்த்து வாசித்துவிடலாம்.

மூன்றாவது அச்சு. வெனிஸில் ஒத்தாவியானோ பெட்ருச்சி 1501-இல் பல்குரல் இசையை முதன்முதலாக நகரும் அச்செழுத்தில் பதிப்பித்தார். 1507-இல் அவர் வெளியிட்ட பிரான்செஸ்கோ ஸ்பினாச்சினோவின் இரண்டு தொகுதிகள்தான் அச்சில் வந்த முதல் லூட் நூல்கள். ரிச்செர்கார் என்ற தலைப்பும் அவற்றோடுதான் அச்சேறுகிறது.

முதல் பதில்: பாட்டுக்கு முன்னால் ஓர் இசை

ஸ்பினாச்சினோவின் தொகுதிகளில் பெரும்பகுதி, பிரபலமான பாடல்களை லூட்டுக்கு மாற்றி எழுதியவை. அவற்றோடு ரிச்செர்கார்கள் வருகின்றன. சிலவற்றின் தலைப்பிலேயே எந்தப் பாட்டோடு சேர வேண்டியவை என்ற குறிப்பும் இருக்கிறது. ஆக, இவை தனியாக நிற்க எழுதப்பட்டவை என்று சொல்வதைவிட, பின்னால் வரப்போவதற்கு வழி திறப்பவை என்று சொல்வதே சரி.

அடுத்த ஆண்டு, 1508-இல், பெட்ருச்சி வெளியிட்ட ஜோன் அம்ப்ரோசியோ தால்சாவின் தொகுதி இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. அதில் நரம்புகளைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே சிறு துண்டுகள் உண்டு. சுருதி சேர்ந்திருக்கிறதா, விரல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள அவை. அவற்றைத் தொடர்ந்து ரிச்செர்கார் வரும், அப்புறம்தான் முக்கியமான உருப்படி. பிரான்சிஸ்குஸ் பொசினென்சிஸ் என்பவர் 1509-இலும் 1511-இலும் ஒரு படி மேலே போனார். அவருடைய தொகுதிகளில் பாடல்கள் முன்னால், ரிச்செர்கார்கள் கடைசியில். ஒவ்வொரு பாடலுக்கும் மேலே எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எழுத்து கொண்ட ரிச்செர்கார்தான் அந்தப் பாடலின் மோடுக்குப் பொருந்தும். தேடி எடுத்து வாசித்துவிட்டுப் பாட்டைத் தொடங்கலாம்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். கீர்த்தனைக்கு முன் ராக ஆலாபனை செய்யும் வேலையின் ஒரு பகுதியை இதுவும் செய்தது: சுர உலகத்தைக் கேட்பவர் காதில் முதலில் நிறுத்துவது. ஒற்றுமையை அதற்கு மேல் நீட்ட வேண்டாம். ஆலாபனை ராகத்தை விரித்துக் காட்டும், அதற்கெனத் தனி மதிப்பும் உண்டு. ஸ்பினாச்சினோ கால ரிச்செர்கார், வாசலைத் திறந்து விட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த முதல் வகையை அடையாளம் காண:

1. ஓட்டங்களும் சுரக்கொத்துகளும் மாறி மாறி வரும். குரல்களின் எண்ணிக்கை நிலையாக இருக்காது.
2. தீம் என்று எதுவும் நிலைக்காது. ஒரு சிறு வடிவம் இரண்டு மூன்று முறை வந்துவிட்டு மறைந்துபோகும்.
3. பெரும்பாலும் நீளம் குறைவு.
4. முடிவுச் சுரத்தை நன்றாக உறுதிப்படுத்திவிட்டுத்தான் நிற்கும். அதற்காகத்தானே வந்தது.

ஒரு தந்தை, ஒரு மகன், நடுவே 20 ஆண்டுகள்

1523-இல் வெனிஸில் மார்க்கோ அந்தோனியோ கவாட்சோனியின் ஆர்கன் தொகுதி வந்தது. அதில் இரண்டு ரிச்செர்கார்கள், இரண்டு மோட்டெட் மாற்றங்கள், நான்கு பிரெஞ்சுப் பாடல் மாற்றங்கள். ஒவ்வொரு ரிச்செர்காருக்கும் அடுத்து அதே மோடில் ஒரு மோட்டெட். லூட்டில் பார்த்த அதே ஏற்பாடு கீபோர்டுக்கு வந்திருக்கிறது. இசை இன்னும் நீண்டது, கனமானது. ஆனால் ஓட்டமும் சுரக்கொத்தும் கலந்த தளர்வான நடைதான்.

1543-இல் அதே வெனிஸில் அவர் மகன் ஜிரோலாமோ கவாட்சோனி தன் ஆர்கன் தொகுதியை வெளியிட்டார். அதிலும் ரிச்செர்கார்கள் உண்டு. திறந்து பார்த்தால் வேறு உலகம். ஒரு குரல் தீமைத் தொடங்குகிறது, நான்கு குரல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றுகின்றன, முடிப்பு வருகிறது. அடுத்த தீம், மறுபடி நான்கு குரல்கள். அப்பா எழுதியதன் சாயல் கொஞ்சம்கூட இல்லை. தலைப்பு மட்டும் அதே.

நடுவில் என்ன நடந்தது? 1540-இல் வெனிஸில் அச்சான ஒரு தொகுப்பு அதற்கு விடை சொல்கிறது. ‘மூசிக்கா நோவா’ என்ற அந்தத் தொகுப்பில் புனித மாற்கு பேராலயத்தின் இசைத் தலைவர் ஏட்ரியன் வில்லார்ட், அங்கே ஆர்கன் வாசித்த ஜூலியோ சென்யி முதலியோரின் ரிச்செர்கார்கள் இருந்தன. தனித்தனிக் குரல் புத்தகங்களாக வந்தது. பாடவும் ஆர்கனிலும் பிற கருவிகளிலும் வாசிக்கவும் ஏற்றது என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். சொற்களே இல்லாத இசையை ஒரு குழு உட்கார்ந்து வாசிப்பதற்காக அச்சிட்டிருக்கிறார்கள் என்பதுதான் இதில் புதுமை. இந்த வெனிஸ் பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பது கீழ்க்குரல் புத்தகம் ஒன்றுதான். பிரான்ஸின் லியோன் நகரில் ஜாக் மொதேர்ன் இதே உருப்படிகளை மறுபதிப்பாகப் போடாமல் இருந்திருந்தால், இசை வரலாற்றின் முக்கியமான ஒரு திருப்பத்தில் நமக்கு அடிக்குரல் மட்டுமே கேட்டிருக்கும்.

சொற்கள் போனதும் இசைக்கு என்ன ஆனது?

இந்த இரண்டாவது வகை, மோட்டெட்டை அப்படியே கருவிக்குக் கொண்டுவந்தது என்று சொல்லப்படுவது உண்டு. பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. மோட்டெட் ஒரு லத்தீன் வாசகத்தைப் பாடும். வாசகத்தின் ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஒரு புதிய தீம். எல்லாக் குரல்களும் அதைப் பின்பற்றி முடித்ததும் அடுத்த சொற்றொடர், அடுத்த தீம். எப்போது புது தீம் வர வேண்டும் என்பதை முடிவு செய்வது வாசகம்.

2. ரிச்செர்கார் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டது, வாசகத்தை விட்டுவிட்டது. ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் தீம்கள் அடுத்தடுத்து மாறிக்கொண்டே இருந்தன.

3. ஆனால் மாற வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. பாடி முடிக்க வேண்டிய அடுத்த சொற்றொடர் என்று ஒன்று கிடையாது. ஒரு தீமிலேயே இன்னும் கொஞ்ச நேரம் தங்கலாம்.

4. தங்குவதென்றால் சலிக்காமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும். தீமைத் தலைகீழாக்கலாம்: ஏறிய இடத்தில் இறங்கும், இறங்கிய இடத்தில் ஏறும். சுரங்களின் நீளத்தை இரட்டிப்பாக்கலாம், பாதியாக்கலாம். ஒரு குரல் தீமை முடிக்கும் முன்பே அடுத்த குரலை நுழைத்து நெருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை பாட்டிசைக்குப் புதியவை அல்ல. ஆனால் அங்கே அவை அழகுக்கு வந்தவை. இங்கே கட்டடமே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

5. இதன் விளைவாகத் தீம்களின் எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொரு தீமின் ஆயுளும் கூடியது. கடைசியில் ஒரே தீமில் ஓடும் ரிச்செர்காரும் வந்தது.

ஐந்தாவது படி ஒரே நேர்க்கோட்டில் நடந்துவிடவில்லை. ஒரு தீமில் எழுதியவர்களும் பல தீம்களில் எழுதியவர்களும் ஒரே காலத்தில் இருந்தார்கள். நேப்பிள்ஸில் ஜியோவான்னி மரியா திரபாச்சி 1603-இல் வெளியிட்ட ரிச்செர்கார்களில் எத்தனை தீம்கள் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுவார். ஆனால் அவரும் அந்தத் தீம்களை வரிசையில் நிறுத்திவிட்டு நகர்வதில்லை. பின்னிப் பிணைத்துக் கடைசிவரை கொண்டுபோவார். வாசகம் விட்டுப்போன இடத்தில் தீம் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதே விஷயம்.

வெனிஸ் ஆர்கன் மேடை

இந்த மாற்றம் வெனிஸைச் சுற்றியே அதிகம் நடந்ததற்குக் காரணம் உண்டு. அச்சகங்கள் அங்கே இருந்தன. புனித மாற்கு பேராலயத்தில் இரண்டு ஆர்கன்கள், இரண்டு பதவிகள். அந்தப் பதவிக்கு வந்தவர்களுக்கு வைத்த தேர்வைப் பார்த்தாலே அங்கே என்ன எதிர்பார்த்தார்கள் என்று தெரியும். பாட்டுப் புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து, அங்கே உள்ள தொடக்கச் சுரங்களை விண்ணப்பதாரரிடம் கொடுப்பார்கள். அதையே தீமாக வைத்து அவர் அந்த இடத்திலேயே நான்கு குரல்களில் வாசிக்க வேண்டும். குரல்கள் ஒன்றோடொன்று குழம்பக் கூடாது; நான்கு பேர் பாடுவதைப் போலவே கேட்க வேண்டும்.

ஆக, கண்டிப்பான ரிச்செர்கார் காகிதத்தில் மட்டும் வளர்ந்ததில்லை. அது மனோதர்மத் திறமையாகவும் இருந்தது. தளர்வான வகைதான் மனோதர்மம், கண்டிப்பான வகை எழுத்துக் கலை என்று கோடு கிழிப்பவர்கள் இந்தத் தேர்வை மறந்துவிடுகிறார்கள்.

1566 முதல் அங்கே ஆர்கன் வாசித்த ஆந்த்ரேயா காப்ரியேலியிடம் இந்த வடிவம் முதிர்ச்சி அடைகிறது. மிகக் குறைந்த தீம்கள், நீண்ட கட்டமைப்பு, தலைகீழாக்கலும் நீட்டலும் தாராளமாக. அவர் 1585-இல் இறந்தார். அவருடைய ரிச்செர்கார் தொகுதிகளை 1595-இலும் 1596-இலும் வெளியிட்டவர் அவருடைய உடன்பிறப்பின் மகனான ஜியோவான்னி காப்ரியேலி. பித்தளைக் கருவிக் குழுக்களுக்கு எழுதி இன்று ஆந்த்ரேயாவை மிஞ்சிய புகழோடு இருப்பவர் அவர்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

அந்தக் காலத் தலைப்புகள் இன்றைய வகைப்பாடுகளுக்குள் அடங்காதவை. லூட் மேதை பிரான்செஸ்கோ த மிலானோவின் ஒரே உருப்படி ஒரு நூலில் ஃபாண்டசியா என்றும் இன்னொன்றில் ரிச்செர்கார் என்றும் வரும். இருந்தாலும் 1600 வாக்கில் ஓரளவு எல்லைகள் தெரிகின்றன:

1. கான்சோனா: பிரெஞ்சுப் பாடல்களிலிருந்து வந்தது. துள்ளலான தாளம், ‘நெடில்-குறில்-குறில்’ தொடக்கம், பல பகுதிகள். பின்னால் சொனாட்டாவுக்கு வழிவிட்டது.
2. டொக்காட்டா: கீபோர்டில் ஓட்டங்களும் சுரக்கொத்துகளும். முதல் வகை ரிச்செர்கார் செய்த வேலையைப் பெருமளவு இது எடுத்துக்கொண்டது.
3. ரிச்செர்கார்: நீண்ட சுரங்கள், நிதானம், கண்டிப்பான பின்பற்றல்.

ஃப்ரெஸ்கோபால்டி: கட்டுப்பாடே விளையாட்டாக

ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்த ஜிரோலாமோ ஃப்ரெஸ்கோபால்டி 1615-இல் பத்து ரிச்செர்கார்களை வெளியிட்டார். பலவற்றில் தனக்குத் தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொள்கிறார். பத்தாவதில் லா-ஃபா-சோல்-லா-ரே என்ற ஐந்து சுரங்கள் ஒரு குரலில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். எட்டாவதுதான் விசித்திரமானது: எந்தக் குரலும் பக்கத்துச் சுரத்துக்கு நகரக் கூடாது, ஒவ்வொரு நகர்வும் தாவலாகவே இருக்க வேண்டும். படிப்படியாக ஏறி இறங்குவதுதான் அன்றைய கவுண்டர்பாயின்ட்டின் மூச்சு. அதை நிறுத்திவிட்டு ஒரு முழு உருப்படி எழுதியிருக்கிறார். அதைவிட ஆச்சரியம், விஷயம் தெரியாமல் கேட்டால் அந்த நெருக்கடி காதில் உறுத்துவதே இல்லை.

1635-இல் வந்த அவருடைய ‘ஃபியோரி மூசிக்காலி’ மாஸ் வழிபாட்டுக்கான ஆர்கன் இசைத் தொகுதி. அதில் ரிச்செர்காருக்கென்று ஓர் இடம் உண்டு: விசுவாச அறிக்கைக்கு அடுத்து. அவற்றில் ஒன்றில் நான்கு குரல்கள் எழுதப்பட்டிருக்கும். ஐந்தாவது குரலின் சுரங்களை மட்டும் தொடக்கத்தில் கொடுத்துவிட்டு, வாசிப்பவர் அதைப் பாட வேண்டும், கட்டைகளில் தொடக் கூடாது என்கிறார். எங்கெங்கே பாடினால் பொருந்தும் என்பதை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். கூடவே ஒரு குறும்பான வரி: என்னைப் புரிந்துகொள்ள முடிந்தவர் புரிந்துகொள்ளட்டும், எனக்கு நான் புரிகிறேன்.

இந்தத் தொகுதிகள் அச்சான விதமும் கவனிக்க வேண்டியது. இரண்டு கைகளுக்கு இரண்டு வரிசை என்று எழுதாமல், ஒவ்வொரு குரலுக்கும் தனி வரிசை கொடுத்திருந்தார்கள். வாசிக்கச் சிரமம். ஆனால் எந்தக் குரல் எங்கே போகிறது என்று கண்ணால் படிக்கலாம். இப்படித்தான் ரிச்செர்கார் பாட நூலாகவும் ஆனது: மாணவர்கள் வாசித்தார்கள், பிரதி எடுத்தார்கள், அதன் வழியாகக் கவுண்டர்பாயின்ட் கற்றார்கள்.

ரோமில் ஃப்ரெஸ்கோபால்டியிடம் படித்துவிட்டு வியன்னா திரும்பிய ஃப்ரோபெர்கர் வழியாக இந்த மரபு ஜெர்மன் பேசும் நாடுகளுக்குப் போனது. 1702-இல் ஃபிஷரின் ‘அரியாட்னே மூசிக்கா’வில் 20 முன்னிசை-ஃபியூக் இணைகளும் 5 ரிச்செர்கார்களும் இருக்கின்றன. அதற்குள் ஃபியூக் என்ற பெயர் முன்னே வந்துவிட்டது. ஒரு தீம், வரிசையான நுழைவுகள், கடைசிவரை அதே தீம் என்பது ரிச்செர்கார் ஒன்றரை நூற்றாண்டாகப் பழகிய பழக்கம். அத்தோடு மேஜர்-மைனர் சுருதி மாற்றமும் வேகமான தாளமும் சேர்ந்தால் ஃபியூக். ஃபிஷர் தொகுதியின் ஈ மேஜர் ஃபியூக் தீமைப் பாக் பின்னால் தன்னுடைய ஈ மேஜர் ஃபியூக் ஒன்றுக்கு எடுத்துக்கொண்டார். ‘ஃபியோரி மூசிக்காலி’யின் பிரதி ஒன்றும் 1714 முதலே அவரிடம் இருந்தது.

முதல் வகை சாகவில்லை

கண்டிப்பான வகை வந்ததும் தளர்வான வகை ஒழிந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். ஆர்கன் மேடைக்கு வெளியே அது செழிப்பாகவே இருந்தது. ரோமில் 1553-இல் டீகோ ஒர்டிஸ் வயோல் என்ற வில் வாத்தியத்துக்கு எழுதிய நூலில், தனி வாசிப்புக்கும், நிலையான கீழ்க்குரலின் மேல் அலங்காரம் செய்வதற்கும் இதே பெயரில் உருப்படிகள் உள்ளன. வெனிஸில் ஜியோவான்னி பஸ்ஸானோ 1585-இல் வெளியிட்டவை ஒற்றைக் கருவிக்கான பயிற்சிகள் மாதிரி. 1680-களின் பிற்பகுதியில் பொலோன்யா நகரில் ஜியோவான்னி பத்திஸ்தா தெல்யி அந்தோனியும் டொமெனிக்கோ காப்ரியெல்லியும் செல்லோவுக்கு ரிச்செர்கார் எழுதினார்கள். செல்லோ தனியாக வாசிப்பதற்கென்று எழுதப்பட்ட ஆரம்பகால இசை அதுதான். பாட்டுக்குத் துணைநின்ற கருவி தனியாக நிற்கக் கற்றுக்கொள்ளும்போது, ஒவ்வொரு முறையும் இந்தப் பெயர் வந்து நிற்பது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது.

1703-இல் பாரிஸில் வந்த செபஸ்தியான் த ப்ரொஸாரின் இசை அகராதி, இந்தச் சொல்லுக்கு ஆர்கனிலோ லூட் வகைக் கருவியிலோ பெரும்பாலும் முன்தயாரிப்பில்லாமல் வாசிக்கும் ஒருவித முன்னிசை என்றுதான் பொருள் தருகிறது. ஸ்பினாச்சினோவுக்கு 200 ஆண்டுகள் கழித்து!

1747: பாக் இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைக்கிறார்

1747 மே 7 அன்று போட்ஸ்டாம் அரண்மனையில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக் பாக்கிடம் ஒரு தீமைக் கொடுத்து ஃபியூக் வாசிக்கச் சொன்னார். பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் அந்த அரண்மனையில்தான் வேலையில் இருந்தார். தீம் லேசானதல்ல. சி மைனர் சுரக்கொத்தில் ஏறி, சட்டென்று பெரிய தாவலில் கீழே விழுந்து, அங்கிருந்து மீண்டு அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குவது. மன்னரிடம் இருந்த புதுவகைப் பியானோவில் பாக் அந்த இடத்திலேயே அதை வாசித்துக் காட்டினார். ஆறு குரல்களில் கேட்டபோது, எல்லாத் தீமும் ஆறு குரலைத் தாங்காது என்பதால் தன் தீம் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

லைப்சிக் திரும்பியதும் மன்னரின் தீமை வைத்தே ஒரு தொகுப்பை எழுதி, ‘இசைக் காணிக்கை’ என்ற பெயரில் அதே ஆண்டில் அச்சிட்டார். அதில் இரண்டு ஃபியூக்குகளுக்கு மட்டும் ரிச்செர்கார் என்று தலைப்பு. அப்போது அது பழைய சொல். அர்ப்பணிப்பில் வரும் லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகளைக் கோத்தாலும் அதே சொல்தான் வரும்.

மூன்று குரல் ரிச்செர்காரில் தீமுக்கு நடுவே சம்பந்தமில்லாத ஓட்டங்கள் வரும், நடை மாறும், போட்ஸ்டாமில் விரல் போன வழியின் நினைவு அதில் இருக்கிறது. ஆறு குரல் ரிச்செர்கார் நீண்ட சுரங்களில், பழைய திருச்சபை நடையில், ஒவ்வொரு குரலுக்கும் தனி வரிசை கொடுத்து, ஃப்ரெஸ்கோபால்டி அச்சிட்டது மாதிரியே அச்சிடப்பட்டது. இரண்டு வகைகளும் தெரிந்தேதான் அவர் இப்படிச் செய்தார் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

சரி, ஏன் ஒரே பெயர்?

பெயரின் வேர் ‘தேடு’ என்ற இத்தாலிய வினை. முதல் வகை மோடைத் தேடுகிறது, இரண்டாம் வகை தீமின் சாத்தியங்களைத் தேடுகிறது என்று சுலபமாக முடித்துவிடுவார்கள். வேர்ச்சொல்லை இழுத்தால் எதையும் எதோடும் சேர்த்துவிடலாம்.

இதைவிட யோசிக்க வைப்பது இசையியலாளர் வாரன் கிர்கெண்டேல் 1979-இல் முன்வைத்த வாதம். பேச்சுக்கலையில் முன்னுரை இரண்டு வகை: நேராக விஷயத்துக்கு வருவது ஒன்று, கேட்பவர் மனத்தில் நைசாக நுழைவது இன்னொன்று. அன்றைய இத்தாலியப் படிப்பாளிகளுக்கு இது பாடம். இரண்டு ரிச்செர்கார்களும் இந்த இரண்டு முன்னுரைகளுக்கு இணையானவை என்கிறார் அவர். வெனிஸ் வட்டாரத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. லூட் வாசித்த எல்லோரும் பேச்சுக்கலை எழுதிய ரோமானியர் சிசரோவைப் படித்திருப்பார்களா என்பதுதான் இடிக்கிறது.

அதனால் எளிய விளக்கத்தின் பக்கமே சாய வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் முதலில் ஒரு வடிவத்தைக் குறிக்கவில்லை, ஒரு வேலையைக் குறித்தது: பாட்டோ வழிபாடோ தொடங்கும் முன், மோடை நிறுவும் கருவி இசை. வேலை அதேதான் இருக்க, அதைச் செய்யும் விதம் மாறியது. வாசிப்பவர்களின் படிப்பும் கருவிகளும் மாறியதால் விதம் மாறியது. பின்னால் வேலையும் போய், விதம் மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டில் மார்ட்டினூ, ஸ்ட்ராவின்ஸ்கி போன்றவர்கள் இந்தப் பெயரை எடுத்தபோது கவுண்டர்பாயின்ட் என்ற பொருள்தான் மிஞ்சியிருந்தது.

கேட்க ஒரு வரிசை

1. ஸ்பினாச்சினோ அல்லது தால்சாவின் லூட் ரிச்செர்கார் ஒன்று. தீமைத் தேடாதீர்கள். எந்தச் சுரத்தில் வந்து ஓய்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.
2. தந்தை கவாட்சோனி, உடனே மகன் கவாட்சோனி. ஆர்கன் பதிவாக இருந்தால் நல்லது.
3. ஆந்த்ரேயா காப்ரியேலியை ஆர்கனுக்குப் பதில் வயோல் குழு அல்லது ரெக்கார்டர் குழு வாசித்த பதிவில் கேளுங்கள். குரல்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். நுழைவுகளை எண்ணுவது சுலபம்.
4. ஃப்ரெஸ்கோபால்டியின் 1615 தொகுதியில் எட்டாவது. எல்லாமே தாவல் என்பதை ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு சரிபார்க்கலாம்.
5. டொமெனிக்கோ காப்ரியெல்லியின் செல்லோ ரிச்செர்கார்.
6. பாக்கின் ஆறு குரல் ரிச்செர்கார், முதலில் ஹார்ப்சிகார்டில். அப்புறம் அன்டன் வெபர்ன் 1935-இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியது. அவர் மன்னரின் தீமையே துண்டு துண்டாக்கி டிராம்போன், ஹார்ன், டிரம்பெட் என்று கைமாற்றிக் கொடுக்கிறார். ஹார்ப்சிகார்டில் கேட்ட கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இதில் அது தொடர்ந்து கேட்கும். இந்த ஒன்றை மட்டும் வரிசை மாற்றிக் கேட்க வேண்டாம்.